நூறு கிலோமீட்டருக்குப் பதினான்கு

மார்ச்சில் பத்து லிட்டர்.
அக்டோபரில் பதினொன்றரை.
டிசம்பரில், சொன்னால் நம்பமாட்டீர்கள், பதினான்கு.
எல்லாம் நோட்டில் இருக்கிறது, என் கோழிக்கிறுக்கலில்.

நரினிலிருந்து பிஷ்கெக், முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
நான்கு பயணிகள், டிக்கியில் யாரோ யாருக்கோ அனுப்பும் இறைச்சி,
டொலோன் கணவாயில் பனி.
வாடகை ஏறவில்லை.

முதலில் டயர்களைச் சந்தேகித்தேன்.
காற்றடித்தேன், நான்குக்கும், ஸ்டெப்னிக்கும்கூட.
பிறகு காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினேன்:
ஒரு கோடையின் புழுதி, செத்த குளவி ஒன்று.
புதிதாகப் போட்டேன். கால் லிட்டர் இறங்கியது.
கூரைமேல் சும்மா காற்றை அறுத்துக்கொண்டிருந்த
சாமான் கம்பிகளைக் கழற்றினேன். இன்னொரு கால்.
ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் கரிக்கட்டை.
துடைத்துப் போட்டேன். பத்தே நாளில் மறுபடி கரி.

அதற்கப்புறம் மனிதர்களைச் சந்தேகித்தேன்.

மேதெர், என் கொழுந்தன்,
சுரங்கத்தில் வேலை போனபின் எங்களோடு இருக்கிறான்.
கார் நிற்கும் கொட்டகைக்கு அடுத்த அறை அவனுடையது.
ஒருநாள் அவன் கோட்டில் பெட்ரோல் வாசனை.
போதாதா?
இரவில் சாவியைத் திருப்பி
முள் நின்ற இடத்தில், கண்ணாடிமேல்,
நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.
காலையில் முள் புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
குளிரில் பெட்ரோலும் சுருங்கும் என்று
அப்போது எனக்குத் தெரியாது.

டாங்குக்குப் பூட்டு வைத்த மூடி வாங்கினேன்.
அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.
பனி அள்ளும்போது அவனே பார்த்திருக்கிறான்.
அன்றிலிருந்து தேநீருக்குப் பக்கத்து வீடு.

பூட்டிய பிறகும் பதினான்கு.

இதில் வேடிக்கை,
பயணிகள் பின்சீட்டிலிருந்து
வாரம் மூன்று முறை எனக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள்:
'அக்கா, கால் விறைக்குது.'
'அக்கா, ஹீட்டர் ஓடுதா இல்லையா?'
நான் அதைக் குறை என்று கேட்டேன்.
அட்டையை வெட்டி ரேடியேட்டருக்கு முன்னால் செருகினேன்.
சூட்டு முள் அறுபதைத் தாண்டாததைப் பார்த்து
நல்ல இஞ்சின், கொதிக்கிறதே இல்லை என்று
பெருமை வேறு.

கொச்கோரில் சாதிர்குல் கடை.
அவன் கருவி எதையும் எடுக்கவில்லை.
ஆறிக் கிடந்த இஞ்சினை உயிர்ப்பித்து
ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு
என்னோடு ஆட்டு விலை பேசினான்.
நான்கே நிமிடம். 'இது இப்போ சில்லுனு இருக்கணும்,' என்றான்.
வெதுவெதுப்பாக இருந்தது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி
புதியதோடு சேர்த்து
அடுப்பிலிருந்த பாத்திரத்தில் தொங்கவிட்டான்.
தண்ணீர் சூடேறி, கொதிக்கப் போகும் நேரத்தில்
புதியது மெல்ல வாய் திறந்தது.
பழையது, குளிர்நீரிலேயே 'ஆ'வென்றுதான் இருந்தது.
எத்தனை மாதமாகவோ.

அதாவது, இஞ்சின் சூடாகவே விடவில்லை.
கணினிக்கு எப்போதும் அதே சேதி: இன்னும் குளிர், இன்னும் ஊற்று.
முந்நூறு கிலோமீட்டரும் என் காருக்கு
விடியற்காலை ஐந்து மணி.

அறுநூறு சோம். கூலி தனி.
திரும்பும் வழியில் முள் தொண்ணூறில் நின்றது.
கணவாய் உச்சியில் பின்சீட்டுக்காரர்
ஜன்னலை இறக்கச் சொன்னார்.
பத்து புள்ளி நான்கு. நோட்டில் எழுதி
இரண்டு கோடு போட்டேன்.

வீட்டில் பூட்டு மூடியைக் கழற்றினேன்.
பழைய மூடியைக் காணோம்,
கொட்டகை முழுக்கத் தேடினேன்.
மேதெர் வந்தான், எண்ணெய்த்துணியில் சுற்றியதை நீட்டினான்.
எறிந்துவிடாமல் எடுத்து வைத்திருக்கிறான்.

சொல்ல வேண்டியது வேறு.
வாயில் வந்தது தெர்மோஸ்டாட்தான்:
நூல், அடுப்பு, பாத்திரம், எல்லாம் சொன்னேன்.
அவன் மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டே கேட்டான்,
'எத்தனை டிகிரியில திறக்குமாம்?'

'எண்பத்தேழு,' என்றேன்.
'தேநீர் போட்டிருக்கேன்.'